சம்பந்தி கேட்ட ஒரு வரி

மக்கா,

விமான நிலையத்தில் பெட்டியை உருட்டிக்கொண்டு உள்ளே போகிற நேரம் பார்த்து நீ திரும்பிக் கேட்டாய், "அம்மா, மாமாவுக்கும் ஒனக்கும் எப்பிடி ராசியாச்சு? நீ சொல்லவே இல்லியே" என்று. பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். நிஷா உன் கையைப் பிடித்து இழுத்தாள். "போய்ச் சேந்துட்டு போன் பண்ணு, சொல்லுதேன்" என்றேன். நீ மஸ்கட்டில் இறங்கி போன் செய்தபோது பேச்சு குக்கரிலும் அரிசியிலுமே போய்விட்டது. அதன் பிறகும் ஏதோ ஒன்று குறுக்கே வந்துகொண்டே இருந்தது. பேச்சில் சொன்னால் நான் பாதியை விழுங்கிவிடுவேன் என்று தோன்றியதால் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இதை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் கல்யாணத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு இரண்டு வீட்டாரும் நடுவில் பேசாமல் இருந்தது தெரிந்திருக்கிறது. காரணம் மட்டும் ஆளுக்கொன்றாகப் பரவியிருக்கிறது. நகையில் தகராறு என்றார்கள், ஜாதகத்தை மறுபடி பார்த்தோம் என்றார்கள். அதனால் எல்லாரும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன். உன் மாமனாரிடம் கேட்டுவிட்டேன். "உள்ளதப் போல எழுதுங்கோ தங்கச்சி, எனக்கொரு நாணமும் இல்ல" என்றார்.

நான் தபால் நிலையத்திலிருந்து ஓய்வு பெற்ற வருஷம் நீ விடுப்பில் வந்து, உன் பழைய மடிக்கணினியை மேசைமேல் வைத்து, இணையத்தில் எல்லாரும் சேர்ந்து எழுதுகிற அந்தக் கலைக்களஞ்சியத்தைத் திறந்து காட்டினாய். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றாய். எனக்கு நம்பிக்கை வரவில்லை. நம் பக்கத்து ஊர்களைத் தேடிப் பார்த்தபோது ஒரு பக்கத்தில் தாழக்குடியை யாரோ தாளக்குடி என்று எழுதியிருந்தார்கள். ஊர்ப் பெயரில் ஓர் எழுத்து மாறினால் கடிதம் எங்கெங்கே அலையும் என்று வேலைக்காலம் முழுக்கப் பார்த்தவள் நான். கை சும்மா இருக்குமா. "தொகு" என்ற இடத்தை அழுத்தச் சொன்னாய். அழுத்தினேன், ளகரத்தை எடுத்துவிட்டு ழகரத்தைப் போட்டேன், சேமித்தேன். பக்கம் மாறிவிட்டது. என்னை யாரும் நீ யார் என்று கேட்கவில்லை. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? உன் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஒரு எழுத்துக்கா இம்புட்டு பாடு?" என்றார்.

நீ போன பிறகு நானாகவே ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். முதல் முதலாக முழுதாக ஒரு கட்டுரை எழுதியது நம் ஊர் மட்டி வாழைப்பழத்தைப் பற்றி. இதைவிட ருசியான பழம் உலகத்தில் கிடையாது என்று தொடங்கி இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். அடுத்த நாள் பார்த்தால் பாதியைக் காணவில்லை. வெட்டியவர் கடலோடி என்ற பயனர். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. கட்டுரைக்குப் பின்னால் பேச்சுப் பக்கம் என்று ஒன்று உண்டு, எழுதுகிறவர்கள் தங்களுக்குள் விவாதிக்கிற இடம். அதில் போய் ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டேன். பதில் வந்தது: "அக்கா, நீங்கள் எழுதினது உண்மையாயிருக்கலாம். நான் அந்தப் பழத்தைச் சாப்பிட்டதில்லை. ஆனால் வாசிக்கிற ஆள் இது சரியோ பிழையோ என்று எங்கே போய்ப் பார்க்கிறது?" அவர் மட்டக்களப்புப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் என்பது பிறகு தெரிந்தது. முகம் பார்த்ததில்லை. ஆனால் எனக்குச் சான்று என்ற சொல்லைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அச்சில் வந்த புத்தகமோ பத்திரிகையோ அரசு ஆவணமோ, பிறர் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒன்று இருந்தால் எழுதலாம். இல்லாவிட்டால் எழுதக் கூடாது. அது எவ்வளவு உண்மையாக இருந்தாலும் சரி.

நிஷா வீட்டுக்கு நாங்கள் முதலில் பெண் பார்க்கப் போனது உனக்கு வீடியோவில் தெரிந்த அளவுதான். திற்பரப்பு தாண்டி ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் அந்த வீடு. மரச்சீனிக் கிழங்கு அவித்து, தொட்டுக்கொள்ள மிளகாய்த் துவையல் வைத்தார்கள். அந்தப் பக்கம் துவையலைச் சம்மந்தி என்றுதான் சொல்வார்கள். உன் அப்பா ருசி பார்த்துவிட்டு, "கெழங்கு கொள்ளாம். சம்மந்திதான் கொஞ்சம் எரிப்பு" என்றார். உன் மாமனார்தான் முதலில் சிரித்தார். சிரித்த மனுஷனிடம் உன் அப்பா விடாமல், "இவ சாதாரண ஆளுன்னு நெனைக்காதிய. இன்டர்நெட்டுல உள்ள கலைக்களஞ்சியமே இவதான் எழுதுதா" என்று பெருமை அடித்தார். என்னைக் கேலி செய்கிற வாய் வெளியே போனால் இப்படித்தான் பேசும்.

அதைக் கேட்டதும் உன் மாமனார் கை கழுவிவிட்டு, "தங்கச்சி, ஒரு இடம் காட்டித் தாறேன், வாருங்கோ" என்று கூட்டிப் போனார். வீட்டுக்குக் கொஞ்சம் கீழே ஒரு ஓடை. அதன் குறுக்கே சின்னதாக ஒரு சிமெண்ட் பாலம். "இது எனக்க தாத்தா கெட்டின பாலமாக்கும். அந்தக் கலைக்களஞ்சியத்துல எங்க ஊருக்க பக்கத்துல இது இல்ல. நீங்க ஒரு வரி சேக்கணும்" என்றார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? அவருடைய தாத்தா எப்படிப்பட்டவர், என்ன செய்தார் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தபால் நிலைய ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள்போல, "அதுக்குப் புஸ்தகம், பேப்பர் எதாவது சான்று இருக்கா அண்ணாச்சி? இல்லாம எழுத முடியாதே. அதோட நாம உறவாகப் போறோம், நான் எழுதவே கூடாது" என்றேன். அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. "நான் பறஞ்சா போராதா?" என்று மட்டும் கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன்.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த ஊர்ப் பக்கத்தின் பேச்சுப் பக்கத்தில், இந்த ஊரில் ஒரு குடும்பத்தோடு எனக்கு உறவு ஏற்பட இருக்கிறது, ஆகவே நான் இதில் கை வைக்கமாட்டேன் என்று எழுதிவைத்தேன். அது அங்கே எழுதுகிற எங்களுக்குள் ஒரு மரியாதை. சில நாளில் உன் மாமனாரின் அண்ணன் மகன் தானே ஒரு கணக்குத் தொடங்கி, பாலத்தைக் கட்டிய வள்ளல் என்று தாத்தாவின் பெயரைப் போட்டு எழுதிவிட்டான். கடலோடி அதை எடுத்துவிட்டார். அவன் மறுபடி போட்டான், அவர் மறுபடி எடுத்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். உன் மாமனார் வீட்டில் எல்லாரும் எடுத்தது நான்தான் என்று நினைத்துவிட்டார்கள். பேச்சுப் பக்கத்தில் வேறு என் பெயர் இருந்ததே.

முகூர்த்தப் பட்டு எடுக்க எப்போது போகலாம் என்று கேட்டால் அங்கிருந்து பதில் இல்லை. கல்யாணத்தைச் சித்திரைக்குத் தள்ளலாமா என்று தரகர் மூலம் கேட்டுவிட்டார்கள். உன் அப்பா என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். அப்போதுதான் நீ கூப்பிட்டாய். "ஒரு வரி எழுதினா ஒனக்கு என்னம்மா கொறஞ்சு போவும்?" என்றாய். நான் விளக்கப் பார்த்தேன். நீ கேட்கவில்லை. "நீ அந்தக் கம்ப்யூட்டருக்குத்தான் அம்மை, எனக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அதை நீ இப்போது மறந்திருப்பாய்; நான் மனசில் வைத்துக்கொள்ளவும் இல்லை. உன் இடத்தில் நான் இருந்தால் அதைவிடக் கூடுதலாகப் பேசியிருப்பேன். ஆனால் அன்று சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வந்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். தொகு என்பதை அழுத்தி, அவர் கேட்ட வரியை எழுதியும்விட்டேன். சேமிக்கிற பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மகன் கல்யாணத்துக்கு ஒரு வரி பெரிசா என்று தோன்றியது. அதே மூச்சில், இந்த வரியை இப்படிப் போட்டுவிட்டால் நான் இத்தனை வருஷம் திருத்திய ழகரத்தைக்கூட எந்த வாயால் சரி என்று சொல்வேன் என்றும் தோன்றியது. சேமிக்காமல் மூடினேன். அப்படியே விட்டுவிடவும் மனசு வரவில்லை.

அடுத்த நாள் நிஷா கூப்பிட்டாள். உனக்குத் தெரியாது. "மாமி, அப்பா ரெண்டு நாளா செரியா சாப்பிடல்ல. உங்களுக்க மேல தேஷ்யம், கோவம் ஒண்ணும் இல்ல. எதோ சங்கடம். நீங்க ஒருக்கா பேசுவியளா?" என்றாள். யார் பக்கமும் சாயாமல், யாரையும் குறை சொல்லாமல் அவள் பேசியது எனக்குப் பிடித்திருந்தது. அன்றைக்கே மனசில் அவளை மருமகளாக முடிவு பண்ணிவிட்டேன். உன் அப்பாவிடம் சொல்லாமல் பஸ் ஏறி மார்த்தாண்டத்தில் இறங்கினேன். மேம்பாலத்தின் இரைச்சலுக்குக் கீழே உன் மாமனாரின் கடை. பெயிண்ட் டப்பாக்களுக்கும் பிளாஸ்டிக் குழாய்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். "வாருங்கோ" என்றார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்த வரிய நான் எடுக்கல்ல அண்ணாச்சி. ஆனா எடுத்தது தப்புன்னும் நான் சொல்ல மாட்டேன்" என்றேன்.

"இது பறயதுக்கா இவ்வளவு தூரம் பஸ்ஸேறி வந்திய?"

"இல்ல. ஒங்க தாத்தாவப் பத்திக் கேக்க வந்தேன். அன்னைக்கே கேட்டிருக்கணும். கேக்காம சட்டம் பேசிட்டேன்."

கடைக்கு வந்த ஆளுக்கு அவர் ஒரு தாழ்ப்பாளை எடுத்துக் கொடுத்து அனுப்பினார். இரண்டு சாயாவுக்குச் சொன்னார். பிறகு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். அந்த ஓடையில் மழைக்காலத்தில் வெள்ளம் கரை புரண்டு வருமாம். அக்கரையில்தான் சந்தைக்குப் போகிற வழி. அவருடைய தாத்தா இரண்டு தென்னந்தடியை வெட்டிக் குறுக்கே போட்டு, கயிற்றால் கட்டி, பிடித்துக்கொள்ள மூங்கில் வைப்பாராம். அடுத்த வெள்ளம் அடித்துக்கொண்டு போகும். மறுபடியும் போடுவாராம். யாரும் அவரைப் போடச் சொன்னதில்லை, யாரும் கூலி கொடுத்ததில்லை. தலைச்சுமையோடு போகிற பெண்கள் வழுக்கிவிடக் கூடாது என்று தடியின் மேல்பக்கத்தைச் செதுக்கிச் சொரசொரப்பாக்கி வைப்பாராம். அவருக்கு வயசான காலத்தில் அரசாங்கம் சிமெண்ட் பாலம் கட்டியது.

"தெறப்பு விழாவுக்கு ஒரு கல்லு வச்சினும். கல்லுல எல்லாருக்க பேரும் உண்டு. வந்தவன், நின்னவன், காண்ட்ராக்ட் எடுத்தவன், எல்லாருக்கும் உண்டு. தாத்தா அந்தக் கல்லுக்க முன்னால நின்னு ஒவ்வொரு பேரா வாசிச்சாராம். அம்மை பறஞ்சு கேட்டிருக்கேன். வாசிச்சிட்டு வீட்டுல வந்து கஞ்சி குடிச்சாராம்."

"அப்ப பாலம் கெட்டினது?"

"சர்க்காருதான்." அவர் சாயா டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தடி போட்டாருன்னு பறஞ்சா ஆருக்கும் பெரிசாத் தோணாது. கெட்டினாருன்னு பறஞ்சா ஒரு இது."

"எனக்கு இதுதான் அண்ணாச்சி பெரிசாத் தெரியுது" என்றேன். அவர் நிமிர்ந்தார். "அப்ப இத எழுதுவியளா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த ஆசை இருக்கிறதே மக்கா, அதற்கு இல்லை என்று சொல்வதுதான் இந்த வேலையில் எனக்கு வந்த பெரிய கஷ்டம். "இதையும் எழுத முடியாது" என்றேன். "நான் ஒங்க வார்த்தைய நம்பிப் போடுவேன். நாளைக்கு ஒருத்தன் வந்து அவன் வார்த்தைய நம்பி ஒங்க தாத்தாவ எடுத்துட்டு அவனுக்க தாத்தாவப் போடுவான். அப்ப நான் என்னத்தக் காட்டித் தடுப்பேன்? அந்தப் பக்கத்துல உள்ளதெல்லாம் அப்பிடி ஆயிப் போச்சுன்னா அதுல ஒங்க தாத்தா பேரு இருந்துதான் என்ன?"

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. கடைக்காரர் அல்லவா, பில் இல்லாமல் சரக்கைத் திருப்பி எடுக்கிற சங்கடம் தெரிந்தவர். "அது செரிதான்" என்று தலையாட்டினார். எனக்கு அப்போதுதான் ஒன்று நினைவு வந்தது. "அந்த ஊர்ப் பக்கத்துல ஒரு படம்கூட இல்ல அண்ணாச்சி. பாலத்தையும் ஓடையையும் ஒரு படம் எடுத்துத் தருவியளா? ஒங்க பேர்லயே ஏத்தலாம்" என்றேன்.

"படத்துக்குச் சான்று வேண்டாமா?"

"நீங்க நேர்ல நின்னு எடுக்குதிய. அது போதும்."

"ஓஹோ, அதுக்கு நான் போதும்" என்று சொல்லி அன்று முதல் முறையாகச் சிரித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் போய் எடுத்திருக்கிறார். பாலம் நேராக வரவில்லை என்று திரும்பவும் போயிருக்கிறார். ஓடைக்குள் இறங்கி முழங்கால் தண்ணீரில் நின்று எடுத்த படம்தான் இப்போது அந்தப் பக்கத்தில் இருக்கிறது. படத்தைத் தொட்டால் எடுத்தவர் பெயர் என்று அவருடைய பெயர் வரும். கடைக்கு வருகிற எல்லாரிடமும் போனை நீட்டிக் காட்டினாராம். பெயிண்ட் வாங்க வந்தவர்கள் பாலம் பார்த்துவிட்டுப் போனார்கள் என்று நிஷா சொன்னாள்.

தாத்தாவின் கதை என்ன ஆயிற்று என்று கேட்பாய். முகூர்த்தப் பட்டு கொடுக்க நாங்கள் போயிருந்த அன்று, சாப்பாட்டுப் பந்தியில் எல்லாரும் இலை முன்னால் உட்கார்ந்திருக்க, அவரே எழுந்து நின்று அந்தக் கதையைச் சொன்னார். கட்டினார் என்று சொல்லவில்லை. தடி போட்டார் என்றே சொன்னார். அவருடைய வயசான அத்தை ஒருத்தி நடுவில் மறித்து, "அந்தத் தடியில நின்னுதாக்கும் ஒங்க மாமன் என்ன மொதல்ல பாத்தது" என்றாள். பந்தியே சிரித்தது. பரிமாற வந்தவர்கள் சாம்பார் வாளியோடு நின்றுவிட்டார்கள். உன் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். மிளகாய் என்று சொன்னார். கலைக்களஞ்சியத்தில் ஏறாவிட்டாலும் அந்தக் கதைக்கு ஒரு குறையும் வரவில்லை. அது இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது. இனி அது உன் வீட்டுக் கதையும்தான். உனக்குப் பிள்ளை பிறந்தால் நீ சொல்லலாம், யாரும் சான்று கேட்கமாட்டார்கள்.

மக்கா, எப்படி ராசியாச்சு என்று நீ கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். நான் என் பேச்சை மாற்றவில்லை, அவரும் ஆசையை விடவில்லை. நான் போய்க் கேட்டேன், அவர் சொன்னார். நிஷா ஏதாவது ஒன்று வேண்டும் என்று கேட்டு, அது நடக்காத காரியமாக இருந்தால், நடக்காது என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு. ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் ஏன் கேட்கிறாள் என்று அவள் வாயால் கேட்டுக்கொள். எனக்கு ஒரு பஸ் பயணம் ஆயிற்று. உனக்குச் சமையலறைக்கும் கூடத்துக்கும் உள்ள தூரம்தான். அவள் உன்னைத் திருத்தினாலும், யார் திருத்தினது என்று பார்க்காமல் திருத்தினது சரியா என்று மட்டும் பார். இது சொல்ல லேசு. எனக்கே இந்த வாரம் அதற்கு ஒரு பரீட்சை வந்தது.

உன் மாமனார் இப்போது பாலத்தோடு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் போனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். தேங்காய்ப்பட்டணம் துறைமுகம், சந்தை, மடை, மண்டபம் என்று கண்டதையெல்லாம் எடுத்து ஏற்றுகிறார். கடலோடி அவருக்கு வரவேற்பு எழுதியிருக்கிறார். முந்தாநாள் உன் மாமனாரும் மாமியாரும் நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். அவியல், புளிசேரி, பாயசம் என்று நான் ஒரு குறையும் வைக்கவில்லை. நேற்றுக் காலையில் கணினியைத் திறந்தால், நம் ஊர்ப் பக்கத்தில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று காட்டியது. இவ்வூர் மக்கள் விருந்தோம்பலில் சிறந்தவர்கள் என்று நான் எப்போதோ எழுதிய வரி போயிருந்தது. எடுத்தவர் உன் மாமனார். காரணம் என்ற இடத்தில் இரண்டே சொல்: சான்று இல்லை.

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. உடனே போனைப் போட்டேன். "அண்ணாச்சி, நேத்து எங்க வீட்டுல சாப்பிட்டுட்டுத்தானே போனிய?" என்றேன். "பின்ன? அப்படி ஒரு அவியல் நான் தின்னதில்ல தங்கச்சி" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "ஆனா அது அச்சுல வரல்ல, இல்லியா?" என்றார். பக்கத்தில் நின்ற உன் அப்பா காதில் அது விழுந்து, அவர் சிரித்த சிரிப்பில் முற்றத்து மைனாக்கள் பறந்து போயின. நான் அந்த வரியைத் திரும்பச் சேர்க்கவில்லை. அவர் செய்ததுதான் சரி.

உடம்பைப் பார்த்துக்கொள். நிஷாவையும் போனில் பேசச் சொல்.

உன் அம்மா